நடுவழியில் செயின் அறுந்தால் என்ன செய்வது?

கேள்வி: போன மாதம் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாக சைக்கிளில் கிளம்பினேன். கடப்பாக்கம் பக்கம் ஒரு பாலம் ஏறும்போது கியர் மாற்றினேன், செயின் அறுந்துவிட்டது. பஞ்சர் கிட், பம்ப், ஆலன் கீ எல்லாம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெயிலில் ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் இருந்த சைக்கிள் கடையில் இந்தச் செயின் இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு குட்டியானையில் ஏற்றி வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்து 300 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டப் போகிறேன். மறுபடி இப்படி ஆனால் என்ன செய்வது?

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பாலம் ஏறும்போது கியர் மாற்றியிருக்கிறீர்கள். கியர் மாறுகிற அந்த நொடியில் செயின் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. அப்போது மிதியை முழு பலத்தோடு அழுத்தினால் கண்ணியின் வெளித்தகடு, கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்னை (சிறு ஆணியை) விட்டுக் கழன்றுவிடலாம். அறுந்துபோச்சு என்று சொல்கிறோம், ஆனால் பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே ஒரு கண்ணிதான். மீதி நூற்றுச்சொச்சம் கண்ணிகளும் நன்றாகவே இருக்கும். அதனால் உங்களுக்கு அன்று புதுச் செயின் தேவைப்படவில்லை. செயின் கட்டரும் (பின்னைத் தள்ளி எடுக்கும் கருவி) ஒரு குயிக் லிங்க்கும் (கையாலேயே கோக்கக்கூடிய இரு துண்டுக் கண்ணி) இருந்திருந்தால் புதுச்சேரி போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இரண்டும் உள்ளங்கையில் அடங்குகிற பொருள்.

அந்தக் கடைக்காரர் சொன்னதும் சரிதான். சாதாரண சைக்கிள் செயினில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி உங்கள் செயினில் உள்ள அதே அரை அங்குலம்தான். ஆனால் அகலம் அதிகம். நெருக்கமாக அடுக்கிய கியர் பற்சக்கரங்களுக்கு நடுவே அது ஓடாது.

சரி, வேலைக்கு வருவோம். சாலையை விட்டு நன்றாக இடப்புறம் இறங்கி, நிழல் பார்த்து நில்லுங்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள். 100 கி.மீ. ஓட்டிய களைப்பில் அவசரப்பட்டுத்தான் பலர் பின்னைத் தொலைக்கிறார்கள், செயினைத் தப்பாகக் கோக்கிறார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் மரத்தில் சாய்த்து வையுங்கள். ஆயில் பிரேக் என்றால் இது ரொம்ப முக்கியம், கவிழ்த்தால் உள்ளே இருக்கும் காற்று குழாய்க்குள் போய் பிரேக் தொளதொளவென்று ஆகிவிடும்.

செயினின் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் விரிந்த வெளித்தகடு தொங்கும். கட்டரால் அதன் பின்னை முழுவதுமாகத் தள்ளி அந்தக் கண்ணியை எடுத்துவிடுங்கள். இப்போது இரு முனையிலும் குறுகலான உள்கண்ணி இருக்க வேண்டும். குயிக் லிங்க் என்பது வெளிக்கண்ணியின் இடத்தில் உட்காருகிற ஒன்று, அதனால் செயினின் நீளம் மாறாது. எல்லா கியரும் பழையபடி வேலை செய்யும்.

பின் டெரெய்லரில், அதாவது பின்சக்கரத்தில் கியர் மாற்றும் கருவியில், செயினைக் கோக்கும்போதுதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு தகட்டு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதன் உள்பக்கமாகப் போக வேண்டும். வெளிப்பக்கம் போனால் கரகரவென்று உரசிக்கொண்டே வரும். வீட்டில் நன்றாக இருக்கும்போதே அந்த இடத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று, பழைய ஸ்போக்ஸ் கம்பி ஒரு சாண் எடுத்து இரு பக்கமும் கொக்கியாக வளைத்துப் பையில் போட்டு வையுங்கள். இரு முனைகளையும் அதில் மாட்டிவிட்டால் செயின் நழுவாது, இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

லிங்க்கைக் கோத்ததும் அது செயினின் மேல்பக்கம் வரும்வரை மிதியைச் சுற்றுங்கள். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும்.

ஒன்றுக்கு மேல் கண்ணிகள் கெட்டிருந்தால் ஓர் உள்கண்ணி, ஒரு வெளிக்கண்ணி என்று ஜோடியாகத்தான் எடுக்க முடியும். செயின் ஓர் அங்குலம் குறையும். அதற்குப் பிறகு முன்னாலும் பெரிய பல் (பற்சக்கரம்), பின்னாலும் பெரிய பல் என்று எக்காரணத்தைக் கொண்டும் போடாதீர்கள். செயின் எட்டாமல் டெரெய்லரையே பிய்த்துவிடும். இதை நான் என் பட்டறையில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சிறிய கோளாறு பெரிய செலவாவது இப்படித்தான்.

டெரெய்லரே உடைந்துவிட்டால்? அதைத் தவிர்த்துவிட்டு செயினைச் சுருக்கி, முன்னால் சின்னது, பின்னால் நடுவில் ஒன்று என்று நேர்கோட்டில் மாட்டி ஒரே கியரில் ஓட்டலாம். செயின் பக்கத்துப் பெரிய பல்லில் ஏறப் பார்க்கும், அதனால் நிதானமாக மிதிக்க வேண்டும். அடுத்த ஊர்வரை போவதற்கு மட்டும்தான் இந்த வழி.

பின் கியர் கேபிள் அறுந்தால் செயின் மிகச் சிறிய பல்லுக்கு இறங்கிவிடும், மேட்டில் மிதிக்கவே முடியாது. டெரெய்லரில் ‘எச்’ (H) என்று எழுதிய திருகை உள்ளே முறுக்கினால் ஒன்றிரண்டு பல் மேலே ஏறி நிற்கும்.

ஸ்போக்ஸ் உடைந்தால் உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, உரசாத அளவுக்கு பிரேக்கைத் தளர்த்தி மெதுவாகப் போங்கள். ஊர்க்கடையிலேயே சக்கரத்தின் கோட்டத்தை (வளைவை) எடுத்துவிடுவார்கள். கியர் தெரியாதவர் என்று அவர்களைக் குறைத்து எண்ண வேண்டாம், கோட்டம் எடுப்பதில் அவர்கள் கை தேர்ந்தவர்கள்.

பிரெவேயில் 300 கி.மீ.க்கு 20 மணி நேரம், அதாவது மணிக்கு சராசரியாக 15 கி.மீ. இருபது நிமிட ரிப்பேர் என்பது ஐந்து கி.மீ. தூரம்தான், பதற வேண்டியதில்லை. ஆனால் சொந்தக் காரில் ஆள் வந்து உதவுவதற்கு கன்ட்ரோல் பாயின்டுகளில் (வழியில் நேரம் பதிவு செய்யும் இடங்களில்) மட்டும்தான் அனுமதி. நடுவழியில் உங்கள் பையை நம்பித்தான் இருக்க வேண்டும். இருட்டில் ரிப்பேர் செய்ய நேரலாம், தலையில் மாட்டும் விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செயினில் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணினால் வரும் 24ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி விழுந்தால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு என்றால் பின் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

குயிக் லிங்க் வாங்கும்போது பின்சக்கரத்தில் எத்தனை பற்சக்கரம் என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். 9 என்றால் 9க்கானது, 10 என்றால் 10க்கானது, மாற்றி வாங்கினால் சரியாகப் பூட்டாது. இரண்டு ஜோடி வாங்குங்கள். 10, 11 பற்சக்கரங்களுக்கான லிங்க்குகளில் பல ஒருமுறை பூட்டுவதற்கு மட்டுமே செய்யப்பட்டவை. ஒன்றைப் பையில் போடுங்கள். இன்னொன்றை வைத்து, உங்களிடம் இருக்கும் அந்த அறுந்த செயினை இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் உட்கார்ந்து பூட்டிப் பாருங்கள்.