ஒரு கால் இல்லை, வாலிபால் ஆடலாமா?

கேள்வி: வயது 27. பைக் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காயம் ஆறி, செயற்கைக் காலில் நன்றாக நடக்கிறேன். கல்லூரி வாலிபால் அணியில் ஸ்மாஷராக இருந்தவன். தரையில் உட்கார்ந்தபடியே ஆடும் சிட்டிங் வாலிபால் ஆட ஆசை. ஊரில் அதற்கான கோர்ட்டும் இல்லை, அணியும் இல்லை. எப்படித் தொடங்குவது?

பதில்: தாராளமாக ஆடலாம். பக்கத்தில் இன்டோர் ஷட்டில் கோர்ட் இருந்தால் போதும். சிட்டிங் வாலிபால் கோர்ட் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். ஷட்டில் கோர்ட்டின் அகலம் 6.1 மீட்டர். வலையிலிருந்து 2 மீட்டரில், முன்பகுதியையும் பின்பகுதியையும் பிரிக்கும் அட்டாக் கோடு வேண்டும். ஷட்டிலின் முன் சர்வீஸ் கோடு 1.98 மீட்டரில் ஏற்கெனவே இருக்கிறது! வலைக்கு இருபுறமும் 5 மீட்டரில் டேப் ஒட்டி, வலையின் மேல்விளிம்பை 1.15 மீட்டருக்கு இறக்கிவிடுங்கள் (பெண்களுக்கு 1.05). சிமென்ட் தரை மட்டும் வேண்டாம், தோலை உரித்துவிடும்.

ஆளுக்கு எங்கே போவது என்கிறீர்களா? பழைய வாலிபால் நண்பர்களை உட்கார வையுங்கள். பயிற்சிக்கு யாரும் ஆடலாம். அதிகாரப்பூர்வப் போட்டியில்தான் கட்டுப்பாடு: குறைபாட்டின் அளவைப் பொறுத்து விஎஸ்1, விஎஸ்2 என்று பிரிப்பார்கள். குறைபாடு குறைவாக உள்ள விஎஸ்2 வீரர் ஓர் அணியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் களத்தில் இருக்கலாம்.

ஸ்மாஷராக இருந்ததுதான் உங்களுக்குச் சிக்கல். பந்தை ஆடும்போது பிட்டத்திலிருந்து தோள்வரை உடம்பின் ஏதாவது ஒரு பகுதி தரையைத் தொட்டிருக்க வேண்டும். எம்பினால் ஃபவுல். பின்பகுதியில் பந்தைக் காப்பாற்றும்போது கணநேரம் எழுந்தால் விட்டுவிடுவார்கள். சர்வீஸ், பிளாக், ஸ்மாஷில் அந்தச் சலுகை கிடையாது.

அதைவிடப் பெரிய பழக்கம் இன்னொன்று. நின்று ஆடியவர்கள் பந்தைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிடுவார்கள். இங்கே நகர்வதற்கும் கைதான். கை மேலே போனால் உடம்பு அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் பந்தே வேண்டாம். உள்ளங்கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் ஊன்றித் தள்ளி, முன் கோட்டிலிருந்து டேப் வரை பின்னோக்கி, அப்புறம் பக்கவாட்டில் போய்ப் பழகுங்கள். பந்து விழும் இடத்துக்கு முதலில் உடம்பு, பிறகு கை. ஈரான் அணியின் மோர்தெசா மெஹர்சாத் 2.46 மீட்டர் உயரம். அவர் கை எட்டும் உயரம் நமக்கு வராது, வேகமாக நகர்வது வரும்.

இன்னொரு வித்தியாசம்: எதிரணியின் சர்வீஸையே பிளாக் செய்யலாம். வலையை உரசிப் போகும் சர்வீஸ் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும்.

செயற்கைக் காலைப் பெரும்பாலான வீரர்கள் கழற்றிவைத்துத்தான் ஆடுகிறார்கள். நீண்ட நேரம் கழற்றி வைத்தால் கால் முனை வீங்கி, சாக்கெட் (செயற்கைக் காலில் கால் முனை நுழையும் குழி) ஏறாமல் போகலாம். எலாஸ்டிக் பேண்டேஜ் அல்லது அதற்கான இறுக்க உறையைப் போட்டு ஆடுங்கள். ஆடி முடித்ததும் தோலைப் பாருங்கள். உராய்ந்து சிவந்தோ புண்ணாகியோ இருந்தால் அன்று செயற்கைக் கால் வேண்டாம். எதற்கும் ஊன்றுகோலைக் கையோடு எடுத்துப் போங்கள்.