ரூட்டாக ஓட்டினால் ஓகே, மானிட்டரிங்கில் மட்டும் ஊமை

கேள்வி: சர்வரில் ரெய்டு வட்டுகளை (ஒரே தொகுதியாக இணைத்த பல வட்டுகள்) சோதிக்கும் ஸ்கிரிப்டை நான் ஓட்டினால் 'ஓகே' வருகிறது. நாகியோஸ் (சர்வரைக் கண்காணிக்கும் மென்பொருள்) ஓட்டினால் 'அனேபிள் டு ரீட் அவுட்புட்' என்கிறது. சர்வரில் நாகியோஸுக்காக ஸ்கிரிப்டை ஓட்டும் ஏஜென்டையே ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள பயனர்) மாற்றிவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு வரி.

நீங்கள் ஓட்டும்போது ரூட்டாக இருக்கிறீர்கள். ஏஜென்டோ 'நாகியோஸ்' என்ற சாதாரணப் பயனராக ஓடுகிறது. அந்தப் பயனருக்காக ஸ்கிரிப்டின் முன்னால், ஒரு கட்டளையை ரூட்டாக ஓட்ட உதவும் சூடோ போட்டிருப்பீர்கள். சூடோ பாஸ்வேர்ட் கேட்டிருக்கும். தட்டச்சு செய்ய அங்கே யார் இருக்கிறார்கள்? அதன் புலம்பல், பிழைச் செய்திகளுக்கென்று உள்ள தனி எரர் வழியாகப் போய்விட, ஏஜென்டுக்குக் கிடைத்தது வெறும் காற்று. 'அனுமதி இல்லை' என்று நேராகச் சொல்லாமல், படிக்க ஒன்றுமில்லை என்று சொல்லும் இந்தச் செய்தியால் எத்தனை பேர் நெட்வொர்க்கைக் குடைந்துகொண்டிருக்கிறார்களோ!

முதலில் உறுதிசெய்யுங்கள். ரூட்டாக நுழைந்து 'சூடோ -யு நாகியோஸ் சூடோ -என்' என்று அடித்து, பின்னால் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். சூடோ இரண்டு முறை வருவது அச்சுப்பிழை அல்ல. முதலாவது உங்களை நாகியோஸாக மாற்றும், இரண்டாவது பாஸ்வேர்ட் கேட்காமல் முயன்று பார்க்கும். பாஸ்வேர்ட் தேவை என்று வந்தால் நோய் இதுதான்.

மருந்து, சூடோ அனுமதி விதிகள் இருக்கும் சூடோயர்ஸ்.டி அடைவில் ஒரு கோப்பு. நாகியோஸ் பயனருக்கு அந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும், முழுப் பாதையோடு, பாஸ்வேர்ட் கேட்காத 'NOPASSWD' அனுமதி. இந்தக் கோப்புகளைத் திருத்தவென்றே உள்ள விசூடோ கட்டளை வழியாகவே எழுதுங்கள். வரியின் அமைப்பில் பிழை இருந்தால் சேமிக்கும் முன் எச்சரிக்கும்.

கோப்பின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. 'நாகியோஸ்.கான்ஃப்' என்று வைத்தால் சூடோ அதைத் திறந்தே பார்க்காது, புகாரும் சொல்லாது. வெறும் 'நாகியோஸ்' போதும். எடிட்டர் விட்டுச்செல்லும், கடைசியில் நெளிகோடு உள்ள காப்புக் கோப்புக்கும் இதே கதிதான். இதில் நானே ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். வரி சரி, பாதை சரி, பெயரில் ஒரு புள்ளி!

அப்புறம் கான்ட்ராக்டர் விஷயம். 'எல்லாவற்றுக்கும் அனுமதி' என்று எழுதிவிட்டு, கூடவே ஸ்கிரிப்டுக்கு 777 (யாரும் திருத்தலாம் என்ற அனுமதி) போட்டு, அரை மணியில் பில் நீட்டும் ஆட்கள் உண்டு. அந்த ஸ்கிரிப்டை நாகியோஸ் பயனரால் திருத்த முடிந்தால் நீங்கள் எழுதிய ஒற்றை வரியும் வீண். ஏஜென்டுக்குள் புகுந்தவன் ஸ்கிரிப்டை மாற்றி எழுதி ரூட்டாகிவிடுவான். ஓனர் ரூட், அனுமதி 755 (ஓனர் மட்டும் திருத்தலாம், மற்றவர்கள் படிக்கலாம், ஓட்டலாம்). அது இருக்கும் அடைவுக்கும் அப்படியே. அவர் ஏற்கெனவே கை வைத்திருந்தால் இதை இன்றைக்கே பாருங்கள்.