ப்ராசஸ்களின் ஆர்எஸ்எஸ்ஸைக் கூட்டினால் சர்வரின் ராமைத் தாண்டிப் போகிறதே, ஏன்?

வாசகர் ஒருவரின் கேள்வி: 2 ஜிபி ராம் உள்ள லினக்ஸ் சர்வர், ஸ்வாப் (ராம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) கிடையாது, பைத்தான் அப்ளிகேஷன் ஒரு மெயின் ப்ராசஸும் 9 வொர்க்கருமாக ஓடுகிறது, பிஎஸ் கமாண்டில் ஒவ்வொன்றும் 300 எம்பி ஆர்எஸ்எஸ் (அந்த ப்ராசஸ் இப்போது ராமில் வைத்திருக்கும் மெமரி) காட்டுகிறது, கூட்டினால் 3 ஜிபி வருகிறது, இது எப்படி ஓடுகிறது?

கூட்டினதுதான் தப்பு. மெயின் ப்ராசஸ் ஃபோர்க் செய்யும்போது, அதாவது தன்னைப் போலவே ஒரு வொர்க்கரை உருவாக்கும்போது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மெமரியை உடனே நகல் எடுப்பதில்லை. ஒரே பேஜை (மெமரியின் சிறு துண்டை) எல்லா ப்ராசஸும் பார்த்துக்கொண்டிருக்கும், ஏதாவது ஒன்று அதில் எழுதினால்தான் அதற்கென்று தனிப் பேஜ். ஆனால் ஆர்எஸ்எஸ் அந்தப் பொதுப் பேஜை 10 பேர் கணக்கிலும் முழுசாக எழுதிவிடும். 300-ல் 200 எம்பி பொது, 100 எம்பி சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் செலவானது 200 + 1000, அதாவது 1200 எம்பிதான்.

கூட்டிப் பார்க்கத் தகுந்த எண் பிஎஸ்எஸ். பொதுப் பேஜை எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ அத்தனையால் வகுத்துச் சேர்க்கும், அதனால் இங்கே ஆளுக்கு 120 எம்பி வரும், பத்தையும் கூட்டினால் சரியாக 1200. ப்ராக் டைரக்டரிக்குள் அந்த ப்ராசஸ் எண்ணுக்குப் போய் ஸ்மாப்ஸ்-ரோலப் என்ற ஃபைலை கேட் செய்யுங்கள் (கெர்னல் 4.14 முதல் இருக்கிறது, வேறு யூசரின் ப்ராசஸ் என்றால் சூடோ வேண்டும்). அதற்கு முந்தைய கெர்னலில் ஸ்மாப்ஸ் ஃபைலில் உள்ள பிஎஸ்எஸ் வரிகளை நீங்களே கூட்ட வேண்டியதுதான்.

தயவுசெய்து வொர்க்கர் கிளம்பின உடனே அளக்காதீர்கள். பைத்தான் ஒரு ஆப்ஜெக்டைச் சும்மா படித்தாலே அதன் ரெஃபரன்ஸ் கவுண்ட்டை (அதை எத்தனை இடம் பயன்படுத்துகிறது என்ற எண்ணை) மாற்றும், அதுவும் எழுதுவதுதான், உடனே பொதுப் பேஜ் சொந்தப் பேஜாகிவிடும். கொஞ்ச நேரம் ரிக்வெஸ்ட் வாங்கவிட்டு அப்புறம் பாருங்கள். அதே ஃபைலில் ப்ரைவேட் டர்ட்டி (அந்த ப்ராசஸ் எழுதி மாற்றிய சொந்தப் பேஜ்கள்) என்ற வரி ஏறிக்கொண்டே போய் நிற்காமல் இருந்தால் மெமரி லீக் (வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது) இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பிஎஸ் காட்டும் விஎஸ்இஸட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், அது ஒதுக்கி வைத்த அட்ரஸ் இடம், ராம் அல்ல. ஆர்எஸ்எஸ் உச்சத்தில் எவ்வளவு தொட்டது என்று தெரிய, அதே ப்ராக் டைரக்டரியின் ஸ்டேட்டஸ் ஃபைலில் விஎம்-ஹெச்டபிள்யூஎம் வரி இருக்கிறது. மேக்கில் ப்ராக் டைரக்டரியே கிடையாது, ஃபுட்ப்ரிண்ட் கமாண்டைப் போடுங்கள். அங்கே கெட்-ஆர்யூசேஜ் (ப்ராசஸின் பயன்பாட்டை ப்ரோகிராமிலிருந்தே கேட்கும் ஃபங்க்‌ஷன்) தரும் உச்ச ஆர்எஸ்எஸ் பைட்டில் வரும், லினக்ஸில் கிலோபைட்டில் வரும். ஒரே ஸ்கிரிப்டை இரண்டிலும் ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் கணக்கு 1024 மடங்கு தப்பாகும்.