பள்ளி முடித்ததும் கையெழுத்துப் போடலாமா, கல்லூரிக்கு அனுப்பலாமா?

டெக்சாஸிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: மகனுக்கு 17 வயது, 11ஆம் வகுப்பு, பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். அவன் ஆடும் மேட்ச்சுகளுக்கு அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளி முடிந்ததும் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்தால் போய்விடலாமா, கல்லூரிக்கு அனுப்பினால் வாய்ப்பு கைநழுவிவிடுமா?

நழுவாதுங்க. பள்ளி முடித்து இன்னும் கல்லூரியில் சேராத பையனை அணிகள் எடுக்கலாம். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் வருடம் முடிய வேண்டும், இல்லையென்றால் 21 வயது ஆக வேண்டும். இரண்டு வருட ஜூனியர் காலேஜில் இந்தக் காத்திருப்பு இல்லை. கெரிட் கோல் என்ற பிட்சரை 2008இல் பள்ளியிலிருந்தே யாங்கீஸ் அணி முதல் சுற்றில் எடுத்தது, அவர் மறுத்துவிட்டு யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார், 2011இல் நாட்டிலேயே முதல் ஆளாக பைரேட்ஸ் அணி அவரை எடுத்து 80 லட்சம் டாலர் கொடுத்தது.

ஆனால் எல்லோருக்கும் இப்படி அமையாது. 2014இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பிரேடி ஐக்கன் என்ற பிட்சருக்கும் ஆஸ்ட்ரோஸ் அணிக்கும் அவருடைய முழங்கை விஷயத்தில் பேச்சு முறிந்தது, அடுத்த வருடமே முழங்கையில் டாமி ஜான் என்ற தசைநார் அறுவை சிகிச்சை, உச்ச மட்டமான மேஜர் லீகில் அவர் ஆடவே இல்லை. அதனால் முதலில் கவனிக்க வேண்டியது பையனுடைய கையைத்தான்.

இன்னிங்ஸ் முடிந்து வந்து உட்காரும்போது கையை உதறுகிறானா, முழங்கையின் உட்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறானா என்று பாருங்கள். வலிக்கிறதா என்று கேட்டால் எந்தப் பையனும் இல்லை என்றுதான் சொல்வான். மேஜர் லீகும் யூ.எஸ்.ஏ. பேஸ்பாலும் வகுத்த பிட்ச் ஸ்மார்ட் விதிப்படி 17, 18 வயதில் ஒரு நாளைக்கு 105 பந்துதான் உச்சம், 81ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு. சிக்கல் என்னவென்றால், ஸ்கூல் டீம் கோச் ஒரு கணக்கு வைப்பார், பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம் கோச் தனிக் கணக்கு வைப்பார், இரண்டையும் யாரும் கூட்டுவதில்லை. ஒரு நோட்டு வாங்கி நீங்களே எழுதுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். டிராஃப்ட் 20 சுற்று. எடுத்தாலும் நேரே பெரிய மைதானம் கிடையாது. ரூக்கி, சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மைனர் லீகில் படிப்படியாக ஏற வேண்டும், பெரும்பாலோர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். 2023இல் டிரிபிள்-ஏ குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 35,800 டாலர், மேஜர் லீகில் 7,20,000 டாலர். மேலே போய்ச் சேரும்வரை கையில் நிற்கப்போவது கையெழுத்துப் போடும்போது தரும் போனஸ்தான், அதிலும் வரி போகும். வரியும் ஏஜென்ட் பங்கும் கழித்து மிஞ்சுவதில் ஐந்தாறு வருடம் தாக்குப்பிடிக்க முடியாது என்றால் நான் கல்லூரியைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டால் கல்லூரி அணியில் பேஸ்பால் ஆட முடியாது. தொகை பெரிதாக இருந்தால் தாராளமாகப் போகட்டும், அப்போதும் பிற்பாடு படிக்கும் செலவை அணியே ஏற்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், எந்தத் தேதிக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்து.