கடதாசிக் குழாயில் வீடு கட்டுகிற ஷிகெரு பான் எப்படிப் பெரிய ஆளானார்?

1957இல் டோக்கியோவில் பிறந்து அமெரிக்காவில் படித்த கட்டடக் கலைஞர் பான், 1985இல் சொந்த அலுவலகம் தொடங்கினார். அடுத்த வருடமே ஒரு கண்காட்சிக்கு மரத்துக்குப் பதிலாகக் கடதாசிக் குழாய்களைப் பாவித்தார், அங்கேதான் பிடித்துக்கொண்டது. 1995 கோபே பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்குச் சுவருக்கு அதே குழாய், அத்திவாரத்துக்கு மணல் நிரப்பிய பியர் பெட்டிகள் என்று குடில்கள் போட்டுக்கொடுத்தார். மழைக்குக் கரையாதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். குழாய்க்கு நீர் புகாத பூச்சு உண்டு. அப்புறம் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் ஒரு தேவாலயம் (2013), கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு (2014).

ஆனால் நம்மவர்கள் பார்க்கவேண்டியது இலங்கையின் தென்கரையில் உள்ள கிரிந்த. சுனாமியில் அழிந்த அந்த முஸ்லிம் மீனவக் கிராமத்தில் அவர் கடதாசியைத் தொடவே இல்லை. அழுத்திய மண்கல், ரப்பர் மரம், ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் கூரை போட்ட திறந்த இடம், நம் நாற்சார் வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பரிசு வாங்கிய கட்டடங்களைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். திஸ்ஸமகாராமைக்குப் பக்கம்தான், கதிர்காமம் போகிறவர்கள் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.