வயிற்றில் பிள்ளை, மார்பில் கட்டி: கலைக்கத்தான் வேண்டுமா?

"என் தங்கைக்கு 28 வயது, 19 வாரக் கர்ப்பம். இடது மார்பில் இருந்த கட்டியைப் பால் கட்டு என்று இரண்டு மாதம் விட்டுவிட்டோம். இப்போது ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. கருவைக் கலைத்தால்தான் பிழைப்பாள் என்கிறார் மாமியார். பிரசவம் முடியட்டும் என்கிறார் மாப்பிள்ளை. யார் சொல்வதைக் கேட்பது, டாக்டர்?"
- ஒரு அக்கா, விருதுநகர் மாவட்டம்

சகோதரி, இரண்டு பேச்சையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கருவைக் கலைப்பதால் நோய் அடங்கிவிடாது. கலைத்த பெண்கள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. பிரசவம் வரை காத்திருப்பதும் கூடாது. அதற்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அதுவரை கட்டி சும்மா இருக்காது.

கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் மார்பு அறுவை சிகிச்சை செய்யலாம். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதம் கீமோ, அதாவது புற்றுநோய் செல்களைக் கொல்லும் மருந்து, கூடாது. உங்கள் தங்கை அதைத் தாண்டிவிட்டார். வழக்கமான கீமோ மருந்துகளில் சிலவற்றை இப்போதே தொடங்கலாம். 20-வது வாரம் ஆரம்பித்து மூன்று வாரத்துக்கு ஒன்று என்று போட்டால், நான்காவது டோஸ் 29-வது வாரத்தில் முடியும். கீமோவுக்கும் பிரசவத்துக்கும் நடுவே மூன்று வார இடைவெளி வேண்டும் என்பதால் 34, 35 வாரத்துக்கு மேல் போட மாட்டோம். கதிர்வீச்சு பிரசவத்துக்குப் பிறகுதான்.

குழந்தைக்கு என்ன ஆகும் என்று பயப்படுவீர்கள். தாய்க்குப் புற்றுநோய் இருந்தபோது வயிற்றில் வளர்ந்த 129 குழந்தைகளைப் பெல்ஜியத்தின் ஃப்ரெடெரிக் ஆமன்ட் குழு தொடர்ந்து கவனித்து 2015-இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கருவிலேயே கீமோவைச் சந்தித்தவர்கள். அறிவு வளர்ச்சியிலும் இதயத்திலும் மற்ற குழந்தைகளோடு வேறுபாடு தெரியவில்லை. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அறிவு வளர்ச்சி சற்றுப் பின்தங்கியது. அதனால் "சீக்கிரம் குழந்தையை எடுத்துவிடலாம்" என்று யாராவது அவசரப்படுத்தினால், ஏன் என்று காரணம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஹெர்-2' என்று ஒரு வரி இருக்கும், புற்றுநோய் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தின் பெயர் அது. அது 'பாசிட்டிவ்' என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி உண்டு. நல்ல மருந்து, ஆனால் கர்ப்பத்தில் கூடாது. பனிக்குட நீரை வற்றச் செய்யும். நீர் வற்றினால் குழந்தையின் நுரையீரல் வளராது. பிரசவத்துக்குப் பிறகு தாராளமாகப் போடலாம். கர்ப்பம் என்று தெரியாமல் யாரோ சீட்டில் எழுதிவிட்டாலும் நீங்கள் தடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் "இது டிராஸ்டுசுமாபா?" என்று கேளுங்கள். நர்ஸ் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

இனி, உங்களைச் சுற்றி வரப்போகிறவர்களைப் பற்றி. ஸ்கேன் சென்டரில் ஒருவர் "முழு உடம்புக்கும் பெட் ஸ்கேன், பேக்கேஜில் முடித்துத் தருகிறேன்" என்பார். கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் அது, கர்ப்பிணிக்கு வேண்டாம். வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட், வயிற்றை மூடி மறைத்து எடுக்கும் மார்பு எக்ஸ்-ரே, இவை போதும். இன்னொருவர் "ஊசி குத்தினதால் பரவிடுச்சு, எங்க லேகியம் கரைச்சுடும்" என்பார். பயாப்ஸி நோயைப் பரப்பாது. அந்த லேகியத்தில் என்ன உலோகம் கலந்திருக்கிறதோ! ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை போட்டுத் தர 5,000 ரூபாய் கேட்பார். சல்லிக்காசு கொடுக்காதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள், அட்டை இலவசம்.

எனக்குக் கோபம் வருவது இவர்கள்மேல் மட்டுமல்ல. போன வருடம் ஒரு பெண் என்னிடம் வந்தபோது 27 வாரம். மகப்பேறு டாக்டர் "கேன்சர் டாக்டர் எழுதித் தரட்டும்" என்றிருக்கிறார். கேன்சர் டாக்டர் "மகப்பேறில் ஒப்புதல் வாங்கி வா" என்றிருக்கிறார். ஒரே வளாகம், எதிரெதிர்க் கட்டடம். மஞ்சள் பையில் ஃபைலோடு அந்தப் பெண் 23 நாள் நடந்திருக்கிறாள். இரண்டு டாக்டர்கள் ஒருவருக்கொருவர் ஒரு போன் பேசியிருந்தால் பத்து நிமிட வேலை! எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன், இன்னும் மாறவில்லை.

அதனால் நீங்கள் இரண்டு டாக்டர்களையும் ஒரே நாளில், ஒரே அறையில் உட்கார வையுங்கள். முடியாவிட்டால் ஒருவர் அறையிலிருந்தே மற்றவருக்கு போன் போடச் சொல்லுங்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயாப்ஸி எடுத்த லேபில் காகித ரிப்போர்ட்டோடு திரும்பிவிட வேண்டாம். தங்கையின் சதையை மெழுகில் பதித்த சின்னத் துண்டு, 'பிளாக்' என்பார்கள், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடி ஊசி குத்துவார்கள், ஒரு வாரம் போய்விடும். வெயிலில் மெழுகு இளகும், பையின் அடியில் போட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமையே கிளம்புங்கள்.