கோவை – ராமேஸ்வரம்: முதல் நாளே தனுஷ்கோடி வேண்டாம்

முழங்கால் வலியுள்ள அம்மாவையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, விடியற்காலையில் கோவையிலிருந்து காரில் கிளம்பி அன்று மாலையே தனுஷ்கோடியைப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம் அண்ணா. மதுரை வழியாக ராமேஸ்வரமே ஏறக்குறைய 385 கிலோமீட்டர். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை அதற்கப்பால் 20 கிலோமீட்டர். மாலையில் அந்தச் சாலையை அடைத்துவிடுவார்கள். அடித்துப்பிடித்துப் போய் வாசலோடு திரும்பினால் பிள்ளைகள் முகம் வாடிவிடும்.

அன்று உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் கடற்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலை பெரும்பாலும் அடங்கியிருக்கும். சவுக்கு மர நிழலில் அம்மா காலை நீட்டி உட்காரலாம். இரவு ராமநாதபுரத்தில் தங்கலாம்.

மறுநாள் வெயில் ஏறுமுன் தனுஷ்கோடி. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் அவசியம். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அரிச்சல்முனையில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவே இறக்காதீர்கள். வடக்கே கடல் குளம் போலக் கிடக்கும், தெற்கே மன்னார் வளைகுடா சீறும், இரண்டும் சேரும் இடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் அம்மா நீராட விரும்பினால் ஒருவர் கையைப் பிடித்தபடியே வரவேண்டும். ஈரக் கல்தளம் மிகவும் வழுக்கும். ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுடையை மறக்காதீர்கள்.